கமாண்ட் செட்டும் ஐகாமும்: சேலம் நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025, அம்மாப்பேட்டை

பிசி-453 இன்று மாலை பேசிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானங்களில் இருந்த ‘கமாண்ட் செட்’ வரிசை ரேடியோ ரிசீவர். ஆறு வால்வு, 190 முதல் 550 கிலோஹெர்ட்ஸ் வரை. எனக்குக் கொடுத்த பெரியவர் இதைச் சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கினாராம். மார்க்கெட் எரிந்ததே 1985-ல். அதற்கு எத்தனை வருஷம் முந்தி என்பது அவருக்கும் ஞாபகமில்லை.

கசிந்த கண்டென்சர்களை மாற்றியாயிற்று. டியூனிங் தண்டுக்குப் பல் வைத்த குமிழ் வேண்டும், அது எங்கேயும் கிடைக்கவில்லை. கெட்டி ரப்பர் குழாயைச் செருகி, அதன் தலையில் பற்பசை மூடியை மாட்டியிருக்கிறேன். பார்க்கச் சகிக்காது, ஆனால் வழுக்காமல் சுற்றுகிறது.

ஜனவரி 5, இரவு

மொட்டை மாடியில் 20 மீட்டர் ஒயர். நடுவில் ஒரு டாகிள் சுவிட்ச்: மேலே தள்ளினால் பிசி-453, கீழே தள்ளினால் இந்தக் காலத்து டிஜிட்டல் செட்டான ஐகாம் ஐசி-7300. தேடுவது விமான நிலையங்களின் வழிகாட்டி பீக்கன்களை. தன் அடையாள எழுத்துகளை மோர்ஸில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பவை.

மேலே தள்ளினேன்: கொர்ர்ர். கீழே தள்ளினேன்: அதே கொர்ர்ர். ஐகாமின் வாட்டர்ஃபாலில், அதாவது சிக்னல்களைப் படமாக ஓடவிடும் திரையில், அந்த இரைச்சல் ஜரிகைக் கரை மாதிரி வரிவரியாகத் தெரிந்தது. விலை உயர்ந்த செட்டில் இரைச்சலைக் கண்ணாலும் பார்க்கலாம், அவ்வளவுதான். இந்த அலைவரிசைகளில் செட்டின் சொந்த இரைச்சலைவிட வெளியிலிருந்து வருவது பல மடங்கு அதிகம். மின்னல், சார்ஜர், எல்இடி, இன்வெர்ட்டர் எல்லாம் ஆன்டெனா வழியாகவே உள்ளே வந்துவிடுகின்றன.

பின்தெரு விசைத்தறிப் பட்டறை மேல்தான் என் சந்தேகம். மோட்டார்கள்.

ஜனவரி 11, ஏற்காடு

இருபது கொண்டை ஊசி வளைவிலும் பழைய செட் என் மடியில்தான் வந்தது. நண்பரின் காபித் தோட்டத்தில், மிளகுக்கொடி ஏறிய இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒயர் கட்டினோம். கரன்டே வேண்டாம் என்று முடிவு. வால்வு இழைகளுக்கு இரண்டு 12 வோல்ட் பேட்டரி. வால்வுகளுக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்துக்கு (ஹெச்.டி.) பத்து 9 வோல்ட் பேட்டரியை வரிசையாகக் கோத்து 90 வோல்ட். ஒரிஜினலுக்கு 250 வேண்டும்தான், ஹெட்போனுக்கு இது போதும்.

ஒன்பது மணிக்குச் சுவிட்சைப் போட்டேன். அரை நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் லேசான மூச்சு மாதிரி ஒரு சத்தம், அதற்குள்ளிருந்து மெல்லிய விசில். பற்பசை மூடியை ஒரு நூலளவு திருப்பினேன். டா-டிட்-டிட் என்று எழுத்து விழுந்தது. டயல் நான்கு கிலோஹெர்ட்ஸ் தள்ளிக் காட்டுகிறது, வால்வு சூடாகச் சூடாக அதுவும் நகர்கிறது. பனியில் விரல் விறைத்திருந்ததால் கையைப் பெட்டி மேலேயே வைத்துக்கொண்டேன். ஐகாமில் அந்த வசதி இல்லை.

நள்ளிரவு வரை கணக்கு: ஐகாமில் ஒன்பது பீக்கன், பழையதில் ஏழு. விட்டுப்போன இரண்டும் பலமான பீக்கன்களை ஒட்டி இருந்தவை. ஐகாமில் ஃபில்டரை 250 ஹெர்ட்ஸுக்குக் குறுக்கியதும் பிரிந்து வந்தன. பழையதில் அப்படிக் குறுக்க வழியில்லை. அந்தக் காலத்துக்கு இதுவே குறுகல்தான். இடைநிலை அலைவெண் (ஐ.எஃப்., சிக்னலை உள்ளே மாற்றிக்கொண்டு வடிகட்டும் அலைவெண்) வெறும் 85 கிலோஹெர்ட்ஸ் என்பதால், அன்றைய ஹாம்கள் (பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள்) இதை வேறு செட்டின் 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப்.போடு இணைத்து, நெரிசலைப் பிரிக்க ‘க்யூ-ஃபைவர்’ என்று வைத்துக்கொண்டார்கள். மற்ற ஏழிலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எந்த செட் என்று நண்பரால் சொல்ல முடியவில்லை.

தோற்றது கூடவே கொண்டுபோன மலிவு விலை எஸ்.டி.ஆர் டாங்கிள், கம்ப்யூட்டரில் செருகி ரேடியோ கேட்கும் குச்சி. 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி வானொலி நிலையம் அதை அப்படியே அமுக்கிவிட்டது, பீக்கன் இருக்க வேண்டிய இடத்தில் நாதஸ்வரம். முன்னால் ஃபில்டர் போடாதது என் தப்பு. பிசி-453-ல் மூன்று கேங் கண்டென்சர் (ஒரே தண்டில் சேர்ந்து சுற்றும் மூன்று டியூனிங் கண்டென்சர்) அந்த வேலையை உள்ளேயே பார்த்துக்கொள்கிறது.

ஜனவரி 12, காலை

இரண்டு செட்டாலும் முடியாத ஒன்று. திருநெல்வேலி விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன், நீர்மூழ்கிகளுக்காகக் கடற்படை 18.2 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் இடம். ஐகாம் 30-க்குக் கீழே இறங்காது. லேப்டாப்பின் மைக் துளையில் ஒரு பெரிய காயிலை மாட்டினேன், திரையில் நேர்கோடாக நின்றது! ஒரு அலையின் நீளம் 16 கிலோமீட்டருக்கு மேல். சேலத்திலிருந்து ஏற்காடு வரும் பாதை இரண்டு அலைகூட இல்லை.

ஜனவரி 14, பொங்கல்

தறிகளுக்கு விடுமுறை. ராத்திரி சும்மா சுவிட்சைப் போட்டால் அம்மாப்பேட்டையிலேயே மூன்று பீக்கன், இரண்டு செட்டிலும்.

ஜனவரி 17

காலையிலேயே ஹெட்போனோடு மாடியில் உட்கார்ந்தேன். ஆறே காலுக்குப் பட்டறைக் கதவு திறந்தது. டியூப்லைட் எரிந்தது, கொர்ர்ர் வந்துவிட்டது. தறி ஓட ஆரம்பித்தது அதற்குப் பத்து நிமிடம் கழித்து, இரைச்சல் ஒரு பொட்டுகூட ஏறவில்லை. மோட்டாரை வீணாகத் திட்டியிருக்கிறேன். எல்லாம் எல்இடி டியூப்லைட்.

பட்டறைக்கார அண்ணனிடம் போய்ச் சொன்னேன். “தறி சத்தம்னு சொன்னா நம்புவேன், லைட்டுக்கு என்னங்க சத்தம்?” என்றார். நாளைக்கு ரேடியோவை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.