எட்டு முகம், ஒரு மேக்ஸி: பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு மூன்று நடை

தங்கையின் கல்லூரிச் சேர்க்கைக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டும் என்றபோது, "ஸ்டூடியோவுக்கு எதுக்கு? வீட்டுலயே எடுத்து ஒரு மேக்ஸி பிரிண்ட்டுல எட்டு காபி அடுக்கிடலாம்" என்று சொன்னவன் நான்தான். வெள்ளைச் சுவர், ஜன்னல் வெளிச்சம், நல்ல போன். படம் அருமையாக வந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் கதை.

எட்டு காபிக்குக் கணக்கு இடம் கொடுக்கிறது. நம் ஊரில் மேக்ஸி என்றால் 4க்கு 6 அங்குலம். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், படுக்கைவாட்டில் 1800க்கு 1200 பிக்சல். பாஸ்போர்ட் சைஸ் 3.5க்கு 4.5 சென்டிமீட்டர், அதாவது 413க்கு 531 பிக்சல். குறுக்கே நான்கு, கீழே இரண்டு. தாராளமாக உட்காரும்.

கணினியில் இருந்தது கிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருள். படத்தை 413க்கு 531 ஆக வெட்டி, எட்டு தடவை ஒட்டி, ஒவ்வொன்றாக இழுத்து இடைவெளியே இல்லாமல் சேர்த்தேன். மொத்தம் 1652க்கு 1062 பிக்சல். அதை அப்படியே சேமித்துக் கலர் லேபுக்குக் கொண்டுபோனேன். முதல் தப்பு இங்கேதான். லேப் மெஷினுக்கு நம்முடைய டிபிஐ பற்றிக் கவலையே கிடையாது. வந்த படத்தைத் தாள் நிறையும் வரை பெரிதாக்கும், மிஞ்சியதை வெட்டிவிடும். என் படத்தின் உயரம் 1062, தாளுக்கு வேண்டியது 1200. மெஷின் பதிமூன்று சதவீதம் ஊதிவிட்டது. 3.5 சென்டிமீட்டர் கிட்டத்தட்ட 4 ஆனது, 4.5 ஐந்தைத் தாண்டியது. போதாததற்கு ஓரத்தில் இருந்த நான்கு படங்களிலும் பக்கவாட்டில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் காணோம்.

கவனிக்காமல் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டோம். கல்லூரி அலுவலகத்தில் இருந்த அம்மா படத்தைக் கட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தார். "கட்டத்துக்குள்ள அடங்கணும்மா" என்று சொல்லிவிட்டு, அவரே கத்தரியை எடுத்துச் சுற்றிலும் நறுக்கினார். தங்கையின் உச்சந்தலை போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு, "இது செல்லாது, வேற கொண்டு வாங்க" என்றார். வெட்டியது யார் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. தங்கை வழி நெடுக என்னோடு பேசவில்லை.

இரண்டாவது முயற்சிக்கு முன் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தேன். 1800ஐ நான்கால் வகுத்தால் 450. 1200ஐ இரண்டால் வகுத்தால் 600. ஒரே ஒரு படத்தை 450க்கு 600 வெள்ளைக் கட்டத்தின் நடுவில் வைத்துவிட்டால், அந்தக் கட்டத்தை எட்டு முறை பதித்தாலே தாள் பிசிறில்லாமல் நிறைந்துவிடும். இடைவெளியும் தானாக வந்துவிடும். கையால் இழுக்கும் வேலையே இல்லை. இதற்கென்றே கிம்பில் ஃபில்டர்ஸ் மெனுவில் மேப், அதற்குள் டைல் என்று ஒன்று இருக்கிறது. இது தெரியாமல் அரை நாள் மவுஸைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

ஆனால் நான் விழாத குழி இல்லை, சொல்லிவிடுகிறேன். கேன்வாஸ் சைஸை, அதாவது படம் உட்காரும் பரப்பை, 450க்கு 600 ஆக மாற்றும்போது அகலம், உயரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சங்கிலிக் குறியைச் சொடுக்கிக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். சென்டர் பொத்தானையும் மறக்கக் கூடாது. கேன்வாஸ் பெரிதானாலும் லேயர், அதாவது அதன் மேல் இருக்கும் படம், பழைய அளவிலேயே நிற்கும். அப்படியே டைல் போட்டால் வெள்ளை ஓரம் இல்லாமல் 413க்கு 531தான் திரும்பத் திரும்ப வரும், கடைசி வரிசையில் பாதி முகம் தொங்கும். எனக்குத் தொங்கியது. டைல் போடும் முன் ஃபிளாட்டன் செய்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் தீர்ந்தது. அதற்கும் முன்னால் பின்புல வண்ணம் வெள்ளைதானா என்று பாருங்கள். என்னிடம் கறுப்பு இருந்தது, எட்டு முகத்தைச் சுற்றியும் துக்கச் செய்தி போலக் கறுப்புச் சட்டம் வந்தது. எங்கள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "முதல்ல அதை அழிடா" என்று கத்தினாள். டைல் பெட்டியிலும் ஒரு சங்கிலி உண்டு. அதைக் கழற்றாமல் 1800 என்று போட்டால் உயரம் 2400 ஆகிவிடும்.

சரி, எல்லாம் முடிந்தது என்று படத்தை லேப் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். டாகுமென்ட்டாக அனுப்பாமல் போட்டோவாக அனுப்பினேன். படம் சுருங்கிப் போய்ச் சேர்ந்தது. "கொஞ்சம் உடையுது தம்பி, போடட்டுமா?" என்று கேட்டார். போடச் சொன்னது என் அவசரம். கண் இமையெல்லாம் ஈரத் துணியால் துடைத்த மாதிரி வந்தது. அது போகட்டும், வெட்ட உட்கார்ந்தபோதுதான் பெரிய வேடிக்கை. படத்தின் பின்புலம் வெள்ளை, இடைவெளியும் வெள்ளை. எங்கே படம் முடிகிறது, எங்கே தாள் தொடங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? ஸ்கேல் வைத்து அளந்து வெட்டியதில் எட்டும் எட்டு அளவு.

மூன்றாவது தடவை, கேன்வாஸைப் பெரிதாக்கும் முன்பே படத்தைச் சுற்றி வெளிர்சாம்பல் கோடு ஒன்று போட்டேன். முழுவதையும் செலக்ட் செய்து, எடிட் மெனுவில் ஸ்ட்ரோக் செலக்‌ஷன். தடிமன் 4 பிக்சல் கொடுங்கள், பாதி வெளியே போய் 2தான் நிற்கும். பென் டிரைவில் எடுத்துக்கொண்டு நானே போனேன். "கலர் கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம்ணே, இருக்கிறபடியே போடுங்க" என்று சொல்லிவைத்தேன். முந்தைய இரண்டு பிரிண்ட்டிலும் வெள்ளைச் சுவர் லேசாக நீலம் அடித்திருந்தது, இதில் இல்லை. பக்க ஓரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர்தான் இடம் விட்டிருந்தேன். மெஷின் அதையும் கடித்திருந்தது, சாம்பல் கோடு மட்டும் மயிரிழையில் தப்பியது. அமெரிக்க விசாவுக்கு 2 அங்குலச் சதுரம் ஆறு அடுக்க நினைப்பவர்கள் கவனிக்கவும். அது மேக்ஸியில் ஓரமே இல்லாமல் கச்சிதமாக நிறையும், அதனால் கடிபடுவது முகத்தோடு சேர்த்துத்தான். ஒரே வரிசையில் இரண்டு மட்டும் வையுங்கள்.

வீட்டில் கத்தரியைத் தொடவில்லை. இரும்பு ஸ்கேல், பிளேடு, அடியில் பழைய காலண்டர் அட்டை. குறுக்கே ஓடும் கோடுகளை முதலில் ஒரே இழுப்பில் வெட்டிவிட்டு, அப்புறம் நெடுக்குக் கோடுகள். வெட்டியதை அளந்து பார்த்தேன், 3.5க்கு 4.5. தங்கை சிரித்துவிட்டாள்.

மறுநாள் அதே அலுவலகம், அதே அம்மா. படத்தை எடுத்துக் கட்டத்தில் வைத்தார். நூல் பிடித்த மாதிரி உட்கார்ந்தது. பசை தடவி ஒட்டினார், ரப்பர் ஸ்டாம்பை மையில் அழுத்தி எடுத்தார், சரியாகத் தங்கையின் மூக்கின் மேல் குத்தினார்.