ஒப்புதல் எதற்கு, எதுவரை?

அறுவை சிகிச்சைக்கு முன் நம்மிடம் நீட்டப்படும் படிவத்தில், ‘எல்லா விவரங்களும் எனக்குப் புரியும்படி விளக்கப்பட்டன’ என்ற வரி முன்கூட்டியே அச்சாகியிருக்கும். யாரும் வாய் திறப்பதற்கு முன்பே விளக்கம் முடிந்துவிட்டதாகத் தாள் சாட்சி சொல்லிவிடுகிறது. நோயாளியின் ஒப்புதல் என்றாலே அந்தத் தாளைத்தான் நினைத்துக்கொள்கிறோம் என்பது என் நெடுநாளைய மனக்குறை. எதற்குச் சம்மதித்தார், எதுவரை சம்மதித்தார் என்ற கேள்விக்குக் கையெழுத்து விடை தருவதில்லை.

1908ஆம் ஆண்டில் நியூயார்க்கில் வயிற்றுக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்ந்த ஒரு பெண், ஈதர் என்ற மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதிக்க மட்டுமே சம்மதித்ததாகவும், அறுவை வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்ததாகவும் பின்னர் நீதிமன்றத்தில் கூறினார். மயக்கத்தில் இருந்தபோதே அவருடைய கட்டி அகற்றப்பட்டது. 1914இல் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ, வயதுவந்த, தெளிந்த மனமுள்ள ஒவ்வொருவருக்கும் தம் உடலுக்கு என்ன செய்யப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு என எழுதியது இந்த வழக்கில்தான். மருத்துவ அறம் பேசும் இடங்களிலெல்லாம் மேற்கோள் காட்டப்படும் அந்தத் தீர்ப்பில் அந்தப் பெண் தோற்றுப்போனார் என்பதை மட்டும் யாரும் அதிகம் சொல்வதில்லை. அறநிலையமாக இயங்கிய மருத்துவமனை, மருத்துவர் செய்த தவறுக்குப் பொறுப்பாகாது என்பது அன்றைய சட்டம்.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2008இல், இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கும் இதே அச்சில் வார்த்தது போன்றது. வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்கு ஒப்புக்கொண்ட 44 வயதுப் பெண் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் பெற்று, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். மருத்துவரின் நோக்கத்தில் குற்றம் காண முடியாமல் இருக்கலாம். இன்னொரு முறை மயக்க மருந்து கொடுப்பதைத் தவிர்ப்பதும் ஒரு காரணம்தான். ஆனால், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, கண்விழித்ததும் தாமே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காக அவருடைய தாய்கூடச் சம்மதிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் சிகிச்சைக்குச் செல்லாது என்பதும் அங்கே உறுதியாயிற்று. உண்மையான அவசர நிலை வேறு. அதில் காத்திருக்க யாரும் சொல்லவில்லை.

எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்த்த வழக்கில், நீரிழிவு உள்ள கர்ப்பிணி ஒருவருக்குப் பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு 9 முதல் 10 சதவீதம் வரை இருந்தும், மருத்துவர் அதைத் தெரிவிக்கவில்லை. சொன்னால் இத்தகைய பெண்கள் எல்லோரும் சிசேரியனைத்தான் கேட்பார்கள் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. குழந்தை கடுமையான பாதிப்புகளோடு பிறந்தது. நோயாளி வேறு முடிவெடுத்துவிடுவார் என்ற அச்சம், தகவலை மறைப்பதற்கு அல்ல, சொல்லியே தீர வேண்டும் என்பதற்கான காரணம் என்பேன். மற்ற மருத்துவர்கள் வழக்கமாக எவ்வளவு சொல்வார்கள் என்று பார்த்த பழைய அளவுகோலை நீதிமன்றம் விலக்கி, அந்த நோயாளியின் நிலையில் இருப்பவர் எதை முக்கியமாகக் கருதுவார் என்று கேட்டது. எல்லா அபாயங்களையும் பட்டியலாக ஒப்பிக்கும் மருத்துவரும் இந்த அளவுகோலில் தேற மாட்டார். விரல்களால் பிழைப்பு நடத்தும் இசைக்கலைஞருக்கு விரல் மரத்துப்போகும் சிறு வாய்ப்பும் பெரிய செய்தி.

ஆகவே, மயக்க மருந்து தரப்படும் சிகிச்சைகளில், ‘உள்ளே எதிர்பாராத ஒன்று தென்பட்டால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?’ என்ற கேள்வியை முந்தைய நாளே பேசி முடித்து, நோயாளி தம் சொற்களில் சொல்லும் விடையை அச்சடித்த வரிகளுக்குக் கீழே கையால் எழுதி வைக்கலாம்.