வடக்கே இருக்கும் தீவுகள்

டிசம்பர் 13, 2020
தம்பியின் வண்டியில் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய்வந்தேன். பிறந்ததிலிருந்து திருவொற்றியூரிலேயே வாழ்ந்தும், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தை நின்று பார்த்தது இன்றுதான். அக்கரையில் தெரிவது காட்டுப்பள்ளித் தீவு என்றான் தம்பி. துறைமுகத்தின் ராட்சதத் தூக்கிகளும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் நிற்கும் நிலத்தை நான் ஒருநாளும் தீவென்று எண்ணியதில்லை. ஆனால் கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும், தெற்கே இந்த முகத்துவாரம், வடக்கே பழவேற்காட்டு முகத்துவாரம் என்று நான்கு புறமும் தண்ணீர்தான். இரவு சிங்கப்பூரிலிருக்கும் மகளிடம் தொலைபேசியில் சொன்னபோது, "பார்த்தாயா அம்மா, உனக்கும் ஒரு தீவு கிடைத்துவிட்டது" என்றாள்.

டிசம்பர் 14
மகளின் பிரசவத்துக்கென்று வைத்திருக்கும் லேகியத்தைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். கெடவில்லை.

டிசம்பர் 20
கொரோனாவால் ஊருக்கு வர முடியாது என்று தெரிந்த நாளிலிருந்து, சனிக்கிழமைதோறும் ஒரு பாதை என்று மகளும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரைக் காலால் அளந்துகொண்டிருக்கிறார்கள். அந்நாட்டிலேயே உயரமானது என்று சொல்லப்படும் புக்கிட் தீமா குன்றில் ஏறினார்கள். அதன் உயரம் 163 மீட்டர்தான் என்பதால் அப்போது நான் கவலைப்படவில்லை. சாங்கியிலிருந்து ஊபின் தீவுக்குப் படகில் போனார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு எடுப்பார்களாம். அதெல்லாம் முன்பு. எட்டாம் மாதத்திலும் நேற்று கோனித் தீவைச் சுற்றி நடந்திருக்கிறாள். அது இரு முனைகளிலும் கரையோடு இணைந்த தீவு, பாதை சமதரை, குரங்கு துரத்தினால்கூட ஓட வேண்டியதில்லை என்று அவள் சொல்கிறாள். மழை பெய்த மண்பாதையில் கால் வழுக்குவதற்கு மேடு பள்ளம் எதற்கு? கைப்பிடி இருக்கிறதா, உட்கார இடம் இருக்கிறதா, தொலைபேசி அங்கே எடுக்கிறதா என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு படம் அனுப்பினாள். கடற்கரையோரம் வரிசையாகச் சவுக்கு மரங்கள். நம் பழவேற்காட்டுக் கரையில் நிற்கும் அதே சவுக்கு. அந்தப் படத்தை இன்று எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை.

டிசம்பர் 30
வெளிநாட்டு விமானங்களுக்கான தடையை ஜனவரி 31 வரை நீட்டித்துவிட்டார்கள்.

ஜனவரி 5, 2021
மார்கழியில் இப்படியும் ஒரு மழையா! தெரு முழங்கால் தண்ணீர். எங்கும் போகவில்லை.

ஜனவரி 10
பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பேருந்து. பழவேற்காடு.

ஏரி இத்தனை ஆழம் குறைந்தது என்பது பூநாரைகள் நிற்பதைப் பார்த்தபோதுதான் புரிந்தது. கரையிலிருந்து வெகுதூரத்தில், நடு ஏரி என்று நான் நினைத்த இடத்தில், முழங்கால் நனையாமல் நூற்றுக்கணக்கில் நின்றிருந்தன. முதலில் வெள்ளையாக ஒரு கோடுதான் தெரிந்தது. ஏதோ ஒரு சத்தத்துக்கு அவை எழுந்து இறக்கையை விரித்தபோது கோடு முழுவதும் இளஞ்சிவப்பாயிற்று. தம்பி ஏதோ சொன்னான், காதில் விழவில்லை.

வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பாடு முறையைப் பற்றி விளக்கினார். மீன்பிடிக்கும் இடங்களை ஊர்க்காரர்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவருடைய பாடு வரும் நாளில் அவர்தான் அங்கே வலை போடலாம். மற்றவர் எத்தனை மீன் கண்டாலும் காத்திருக்க வேண்டும். "அவங்க அவங்க நாள் வரும்மா" என்றார்.

டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கோட்டையில் புதரும் மேடும்தான் மிச்சம். கல்லறைத் தோட்டத்துக்குள் நான் போகவில்லை. வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் கப்பலில் வந்து, பெற்றவர்கள் முகத்தை மறுபடி காணாமலேயே இங்கே மண்ணானவர்கள். அவர்களுடைய தாய்மார்களுக்குச் செய்தி போய்ச் சேர எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்ற எண்ணம் வந்ததும் திரும்பிவிட்டேன். பேருந்தில் வரும்போது அவளை மூன்று முறை அழைத்தேன். மூன்றாவது முறைதான் எடுத்தாள். தூங்கினாளாம்.

ஜனவரி 16
காணும் பொங்கல். கடற்கரைகளை மூடிவிட்டார்கள். மொட்டைமாடியிலிருந்து கடலைப் பார்த்தோம்.

ஜனவரி 23
பேத்தி. இரண்டு கிலோ எண்ணூறு. சுகப்பிரசவம். வடிவுடையம்மனுக்கு இன்றே போய்ப் புடவை சாத்தச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் பக்கத்தில் நான் இல்லை.

ஜனவரி 31
பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் பெட்டியும் தட்டும் முடைகிறார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் சாயமேற்றிய கிலுகிலுப்பை தொங்கியது, வாங்கிவிட்டேன். தபாலில் அனுப்பலாம் என்று தம்பி சொல்கிறான். அதை நான்தான் அந்தக் கையில் கொடுப்பேன்.

பிறகு பாலம் கடந்து கலங்கரை விளக்கத்துப் பக்கம், கடலையொட்டித் தெற்கே ஒரு மணி நேரம் மணலில் நடந்தோம். கால் புதையப் புதைய நடக்கும் அந்த நடையில் மூச்சு வாங்கியது. ஆனால் பத்து மாதமாக நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் இளகியது. சவுக்குத் தோப்பில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். காற்று அந்த ஊசியிலைகளில் எழுப்பும் ஓசை அங்கேயும் இதுவாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 15
விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது. ஏறி உட்கார்ந்தால் இறங்கவே வேண்டாம், அதே வண்டி விமான நிலையத்தில் கொண்டுபோய் விடும். இதற்காகத் தோண்டிய சாலையில் எத்தனை ஆண்டு தூசி தின்றோம்! இன்று கடைசி நிறுத்தம் வரை போனேன். பெட்டி எதுவும் இல்லாமல் நடைமேடையில் சற்று நின்றுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினேன். இவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 26
விமானத் தடை இனி மார்ச் 31 வரை.

பிப்ரவரி 28
காலை 10.24க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-51 ராக்கெட் கிளம்பியது. பழவேற்காட்டுக் கரையில் நின்று பார்த்தோம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளும் அந்தத் தீவுக்குள் இப்போது நம்மை விடமாட்டார்கள்; இக்கரையிலிருந்து பார்க்கத் தடையில்லை. வடக்கே ஒரு சுடர் எழுந்து வளைந்து மறைந்த பின்புதான் உறுமல் வந்து சேர்ந்தது. பிரேசில் நாட்டின் அமேசோனியா-1 செயற்கைக்கோளைச் சுமந்து சென்றதாம். அத்தனை தொலைவிலுள்ள நாடு செய்த பொருள் இங்கே வந்து, இங்கிருந்து வானத்துக்கும் போய்விட்டது. எனக்கு நாலு மணி நேரப் பயணம்தான்.

திரும்பும்போது தம்பி இருக்கம் தீவைப் பற்றிப் பேசினான். ஏரிக்குள், ஆந்திர எல்லையில் இருந்தாலும் அங்குள்ளவர்கள் தமிழ் பேசும் மீனவர்கள். தடா பக்கமிருந்து தீவு மக்கள் போய்வரும் படகில் நாமும் போகலாம் என்றான்.

மார்ச் 5
ஞாயிற்றுக்கிழமைக்குப் படகு சொல்லியாயிற்று. குடை, தண்ணீர், புளிச்சோறு. மகள் குழந்தையை முதன்முதலாக வெளியே தூக்கிப் போன படம் அனுப்பியிருக்கிறாள். வெயில் பட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறது. கிலுகிலுப்பையின் சிவப்புச் சாயம் மங்கத் தொடங்கியிருப்பதால் துணியில் சுற்றி லேகியத்தின் பக்கத்தில் வைத்தேன். ஏரியில் காற்று எப்படி இருக்கும் என்று தம்பியிடம் காலையில் கேட்க வேண்டும்.