சனி இறங்குறதுக்குள்ள

டிசம்பர் 28, 2024

டெலஸ்கோப் பெட்டி வந்துருச்சு. வானம் முழுக்க மேகம். அப்பா ஃபாஸ்டிங் சுகர் 212.

டிசம்பர் 29

மேகம் இருந்தா இருக்கட்டும்னு ஹால்லயே பிரிச்சு மாட்டினேன். 130 மில்லிமீட்டர் கண்ணாடி, 650 ஃபோகல் லென்த், ஈக்யூ மவுண்ட், அதாவது வானம் சுத்தற அச்சுக்கு ஏத்த மாதிரி சாய்ச்சு வைக்கற ஸ்டாண்ட். இந்த மவுண்ட்தான் பாதி நாளை இழுத்துருச்சு. நம்ம திருப்பத்தூர் அட்சரேகை பன்னெண்டரை, ஸ்கேலை அதுல வைக்கணும், அவ்ளோ தாழ சாய்ச்சா கவுண்டர்வெயிட் கம்பி ட்ரைபாட் கால்ல போய் இடிக்குது, 40, 50 டிகிரில இருக்கற ஊர்களை மனசுல வச்சே செஞ்சிருக்காங்க. ட்ரைபாட்டை திருப்பி, ரெண்டு காலுக்கு நடுவுல கம்பி போற மாதிரி வச்சதும் சரியாச்சு.

அப்பா கட்டில்ல உக்காந்து "கண்ணாடி எத்தனை இஞ்ச் பாப்பா"ன்னார். அஞ்சுக்கு கொஞ்சம் மேலப்பான்னேன். "காவலூர்ல இருக்கறது?" அந்த அப்சர்வேட்டரில இருக்கறது 234 சென்டிமீட்டர்ப்பா, ஏழரை அடிக்கும் மேல. ஆலங்காயம் ரூட்ல பஸ் ஓட்டின காலம் பூரா அந்த கேட்ல ஆள் இறக்கி விட்டவர், ஒரு தடவை கூட உள்ள போனதில்ல.

டிசம்பர் 30

மேகம்.

ஜனவரி 1, 2025

வெயில் வந்துச்சு. பகல்லயே ஃபைண்டரை, குழாய் மேல இருக்கற குறி பார்க்கற கருவியை, சரி பண்ணிட்டேன். தூரத்து செல்போன் டவர் உச்சிய 25 மில்லிமீட்டர் ஐபீஸ்ல, அதான் கண்ணு வச்சு பார்க்கற லென்ஸ்ல, நடுவுல கொண்டுவந்து, அப்புறம் சிவப்பு புள்ளி அதே உச்சில உக்கார்ற வரைக்கும் ரெண்டு திருகையும் திருப்பணும், அவ்ளோதான். டவர் தலைகீழா தெரியுது, ரிஃப்ளெக்டர்னா அப்படித்தான். தம்பி பையன் குழாயை சூரியன் பக்கம் திருப்பப் பார்த்தான், எனக்கு உயிரே போயிருச்சு. ஒரு நொடி போதும், கண்ணு போயிரும். இனிமே பகல்ல மூடி கழட்டறதே இல்ல.

ஜனவரி 4

பார்த்துட்டேன்.

இன்னிக்கு பிறைக்கு பக்கத்துலயே சனி, தேடவே வேண்டாம். முதல்ல 25 ஐபீஸ், 26 மடங்கு, ஒரு மஞ்ச முத்து. 10 மாத்தினதும் 65 மடங்கு, அந்த முத்துல ஊசி கோத்த மாதிரி ரெண்டு பக்கமும் மெல்லிசா ஒரு கோடு. அதுதான் வளையம். படத்துல பார்க்கற அகல வளையம் இல்ல, இந்த வருஷம் அது நமக்கு விளிம்பைத்தான் காட்டுது, மார்ச் 23 அன்னிக்கு முழுக்க பக்கவாட்டா வந்துரும். ஆனா அது அங்க இருக்கு. நூறு கோடி கிலோமீட்டருக்கும் அந்தப் பக்கம் இருக்கறது எங்க மொட்டைமாடில தெரியுது!

அப்பாவை கைய பிடிச்சு மேல கூட்டிட்டு வந்தேன். நிலாவை காட்டினா "வெள்ளையா பரவிக் கிடக்கு பாப்பா"ன்னார். சனிய ரொம்ப நேரம் பார்த்தார். ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல.

ஜனவரி 7

சுகர் இறங்காம அப்பா கண்ணுல கத்தி வைக்க மாட்டோம்னு கண்ணாஸ்பத்திரில மறுபடியும் சொல்லிட்டாங்க. 203.

ராத்திரி கொலிமேஷன், அதாவது கண்ணாடிங்க ஒண்ணுக்கொண்ணு நேரா இருக்கான்னு பார்த்தேன், கைக்கு ஒரு வேலை வேணும்போல இருந்துச்சு. ஃபோகஸர் மூடி நடுவுல இருக்கற சின்ன ஓட்டை வழியா பார்த்தா உள்ள சின்ன கண்ணாடி, அதுக்குள்ள பெரிய கண்ணாடி, அது நடுவுல ஒட்டியிருக்கற வளையம், எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நடுவா நிக்கணும். வளையம் ஓரமா ஒதுங்கியிருந்துச்சு. அம்மா பின்னாடி நின்னு ஸ்க்ரூ திருப்ப, நான் முன்னாடி "இன்னும் கொஞ்சம், போதும்மா, திரும்ப"ன்னு சொல்லிட்டே இருந்தேன், கடைசியா லாக் ஸ்க்ரூ. சிரியஸை வேணும்னே ஃபோகஸ் கலைச்சு பார்த்தா வட்டத்துக்கு சரியா நடுவுல கருப்பு நிழல். அம்மா கை அப்படி நிதானம்.

ஜனவரி 9

194.

ஜனவரி 13

போகி புகை, மேல முழு நிலா, ஒண்ணும் பார்க்க முடியாது. அப்பா திருவாதிரை களி கேட்டு வாங்கி சாப்ட்டார். வேண்டாம்ப்பான்னு சொல்ல வாய் வரல.

ஜனவரி 14

241. பொங்கல்.

ஜனவரி 18

வெள்ளியும் சனியும் பக்கத்துல பக்கத்துல. வெள்ளி 65 மடங்குல சரிபாதியா வெட்டி வச்சிருக்கு. சனி ஒம்போது மணிக்கு மேல இல்ல, எட்டரைக்கே தென்னை மட்டைக்குள்ள போயிருது. கணக்கு போட்டுப் போட்டு தூக்கம் போச்சு, இன்னிக்கே ஆபரேஷன் பண்ணாக்கூட ஒரு மாசம் கண்ணுகிட்ட எதையும் கொண்டுபோகக் கூடாது, ஐபீஸ் ரப்பர் படக் கூடாது, தூசி கூடாது, குனியக் கூடாது, அதுக்குள்ள பிப்ரவரி பாதி தாண்டிரும், சனி சாயங்கால வெளிச்சத்துல முங்கிரும், மார்ச் 12 சூரியனுக்குப் பின்னாடி. வளையம் முழுசா விரிஞ்சு தெரியணும்னா 2032. அப்பாவுக்கு அப்போ 79.

ஜனவரி 22

சமையல்ல அரிசியே இல்ல. சாமை, வரகு, கீரை. அப்பா ஒரு வார்த்தை பேசாம சாப்பிடறார்.

குழாயை நாப்பது நிமிஷம் முன்னாடியே வெளில வச்சிட்டேன், கண்ணாடி ஆறினாத்தான் படம் அலையாது. வேட்டைக்காரன் வாள்ல இருக்கற நெபுலா கிடைச்சுது, 26 மடங்குல சாம்பல் புகையா விரிஞ்சு, நடுவுல நாலு பொடி நட்சத்திரம். கலர் எல்லாம் கேமராவுக்குத்தான், கண்ணுக்கு சாம்பல்தான், அதுவே எனக்குப் போதும். பத்து மணிக்கு ஃபைண்டர் முழுக்க பனி. பனி விழுந்தா கண்ணாடியை துணியால தொடவே கூடாது, ஃபேன் போட்ட ரூம்ல தானா காயட்டும்.

ஜனவரி 27

151!

ஜனவரி 30

தேதி குடுத்துட்டாங்க. பிப்ரவரி 6.

பிப்ரவரி 5

நாளைக்கு காலைல ஏழு மணிக்கு அட்மிஷன். பைல அப்பாவோட ரெண்டு வேட்டி, ஃப்ளாஸ்க், ரிப்போர்ட் ஃபைல். சனியைப் பார்க்க மேல போகல. வியாழன் உச்சிலயே நிக்குது, ஏப்ரல் முழுக்க சாயங்காலம் இருக்கும், 65-ல ரெண்டு பட்டையும் நிலாக்களும் தெளிவா தெரியும், அதைத்தான் அப்பாகிட்ட சொன்னேன். "அதுக்கு வளையம் உண்டா"ன்னார். உண்டுப்பா, ஆனா ரொம்ப மங்கல், 1979-ல வாயேஜர் விண்கலம் பக்கத்துல போய்த்தான் கண்டுபிடிச்சுது, நம்ம குழாய்ல வராதுன்னேன். அப்போ சனிக்கு எப்போ காலைல எந்திரிக்கணும்னு கேட்டார். மே மாசம் மூணரை, நாலு மணிக்குன்னேன். விடியக்காலைல பஸ்ல முதல் சிங்கிள் எடுத்தவருக்கு அது ஒரு நேரமான்னு சொல்லிட்டு அலாரம் எப்படி வைக்கறதுன்னு கேக்கறார்.

சொட்டு மருந்து நேரம் ஆச்சு.