முடிக்கக்கூடிய புத்தகம்

பீளமேட்டில் எங்கள் அலுவலகம். நூற்பு மில்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினில் எந்த ஷிப்டில் எத்தனை இழை அறுந்தது, எந்த மெஷின் எவ்வளவு நேரம் நின்றது என்கிற கணக்கெல்லாம் மேனேஜர் பார்வைக்குப் போக வேண்டும். பல வருடம் ஜாவா என்ற நிரல் மொழியிலேயே எழுதினோம். சூலூர் பக்கம் ஒரு மில்லில், இருக்கிற சின்னக் கம்ப்யூட்டரிலேயே எல்லாம் ஓட வேண்டும் என்றார்கள். மெமரி பத்தவில்லை. 'கோ' (Go) என்ற இன்னொரு நிரல் மொழியில் புதிதாக எழுதுவது என்று முடிவானது. அதைக் கற்றுக்கொள்ள எனக்குக் கிடைத்த அவகாசம் மூன்று வாரம்.

இருப்பதிலேயே பெரிய புத்தகமாக வாங்கிவிடலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கை அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, ஜாவாவுக்குன்னு உக்கடத்துல பழைய புஸ்தகம் ஒண்ணு வாங்குனீங்களே, எத்தனை பக்கம் படிச்சீங்க?"

ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருந்த புத்தகம் அது. நான் 200ஐத் தாண்டவில்லை. மிச்சத்தை வேலை செய்யச் செய்யத் துண்டு துண்டாகக் கற்றுக்கொண்டேன். அதனால் எனக்கு எது தெரியாது என்பதே பல வருடம் தெரியாமல் இருந்தது.

அண்ணன் மேசை டிராயரைத் திறந்து, பிரவுன் அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்தார். கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி மொழிப் புத்தகம். முதல் பதிப்பு 1978, அவரிடம் இருந்தது 1988இல் வந்த இரண்டாம் பதிப்பு. மொத்தமே 272 பக்கம். "இதெ மூணு தடவை முடிச்சிருக்கேனுங்க. நீங்களும் முடிக்கற மாதிரி ஒண்ணாப் பாருங்க" என்றார்.

அதே கெர்னிகன், ஆலன் டோனவனோடு சேர்ந்து 2015இல் கோ மொழிக்கும் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். 400 பக்கத்துக்குள் அடங்குகிறது. வாங்கும் முன் மாதிரிப் பக்கங்களைப் படித்துப் பார்த்தேன். வேரியபிள் என்றால் ஒரு டப்பா, லூப் என்றால் திரும்பத் திரும்பச் செய்வது என்று ஆரம்பித்திருந்தால் மூடி வைத்திருப்பேன். ஏற்கெனவே ஒரு மொழியில் பத்து வருடம் எழுதியவனுக்கு அந்த மொழியிலிருந்து இது எங்கே விலகுகிறது என்பதுதான் வேண்டும். கோ மொழியில் ஜாவா மாதிரி எக்ஸெப்ஷன், அதாவது பிழை வந்தால் ஓட்டத்தை நிறுத்தி வேறு இடத்துக்குத் தாவுவது, கிடையாது. பிழையும் விடையோடு சேர்ந்து ஒரு மதிப்பாகத் திரும்பி வரும், அதை அங்கேயே பார்த்தாக வேண்டும். புத்தகம் இந்த மாதிரி இடங்களில் நிதானமாக நிற்கிறது, நமக்குத் தெரிந்த இடங்களை வேகமாகத் தாண்டுகிறது. பகுதிகளின் கடைசியில் பயிற்சிகளும் உண்டு. அது போதும் என்று வாங்கிவிட்டேன்.

பக்கம் குறைவு என்பதால் சீக்கிரம் படித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு பத்திக்கு அரை மணி நேரம் ஆன நாட்களும் உண்டு. தினமும் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, பயிற்சியைச் செய்யாமல் அடுத்த பக்கம் திருப்புவதில்லை என்று உட்கார்ந்தேன். மூன்று வாரத்தில் முடித்தேன்.

மில்லில் ஓட ஆரம்பித்த இரண்டாம் நாள் போன் வந்தது. "ரெண்டாவது ஷிப்ட் ஆரம்பிச்ச மொத மணி நேரத்துலயே இத்தனை அறுப்பு காட்டுதுங்க. சைடு பாக்கற பொண்ணுகளக் கூப்பிட்டுக் கேக்கறதாங்க?" எனக்குப் பகீரென்றது. "கொஞ்சம் பொறுங்க, யாரையும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரையில் பார்த்தேன். அந்த எண், முதல் ஷிப்டின் எட்டு மணி நேர மொத்தத்தோடு அப்படியே பொருந்தியது.

உடனே புத்தகத்தின் ஸ்லைஸ் பகுதி ஞாபகம் வந்தது. ஸ்லைஸ் என்பது தனிப் பட்டியல் இல்லை. அடியில் மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் அரேயில் ஓர் இடத்தைக் காட்டும் பாயிண்டர், ஒரு நீளம், ஒரு கொள்ளளவு, அவ்வளவுதான். நான் 24 மணி நேரப் பட்டியலில் முதல் எட்டை வெட்டி எடுத்து, அதன் கடைசியில் ஷிப்ட் மொத்தத்தை அப்பெண்ட் செய்து சேர்த்திருந்தேன். அடியில் இடம் இருந்ததால் கோ புது அரே உருவாக்கவில்லை. மொத்தம் நேராக ஒன்பதாவது மணி நேரத்தின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. எட்டையும் தனிப் பட்டியலாக நகலெடுத்து, அதில் சேர்த்ததும் சரியானது. அந்த ஷிப்ட்டில் யாரும் பேச்சு வாங்கவில்லை.

எழுதும்போது அந்தப் பகுதி ஏன் தோன்றவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் புத்தகத்தை முழுக்கப் படித்திருந்ததால், தப்பைப் பார்த்த உடனே எங்கே போய்த் தேடுவது என்று தெரிந்தது. பாதியில் விட்ட புத்தகம் இந்த உதவியைச் செய்யாது.

2018இல் வந்த மாட்யூல்கள், 2022இல் வந்த ஜெனரிக்ஸ் என்று மொழியில் பின்னால் சேர்ந்த வசதிகள் எல்லாம் இந்தப் புத்தகத்தில் இல்லை. அதை கோவின் அதிகாரப்பூர்வக் குறிப்புகளில் படித்துக்கொண்டேன், இரண்டு மாலை ஆனது. ஸ்லைஸ், மேப், கோரூட்டின் மாதிரி மொழியின் ஆதாரமான விஷயங்கள் அடிப்படையில் இன்றைக்கும் புத்தகத்தில் உள்ளபடியேதான் இருக்கின்றன.

போன வருடம் கல்லூரி முடித்து ஒரு பெண் எங்களிடம் சேர்ந்தது. அந்தப் பெண்ணுக்கு கோதான் முதல் நிரல் மொழி மாதிரி, கல்லூரிப் படிப்பில் நிரல் எழுதித் தொட்டது கொஞ்சம்தான். இந்தப் புத்தகத்தை நான் கொடுக்கவில்லை. படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும், நிறைய உதாரணம் உள்ள பெரிய புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். முதல் மொழிக்கு அந்த நிதானம் வேண்டும். நாலு மாதம் கழித்து, "அண்ணா, உங்க மேசைல இருக்கற அந்தச் சின்னப் புஸ்தகத்த எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டது. இப்போது அதனிடம்தான் இருக்கிறது, நாலாவது அத்தியாயத்தில் பென்சில் வைத்தபடி.