25 சென்டிமீட்டர் சந்தோஷம்

விண்வெளிக் கப்பல் கட்டி ஆடும் ஸ்பேஸ் எஞ்சினியர்ஸ் 2 என்ற கம்ப்யூட்டர் கேம், ஏர்லி ஆக்சஸில், அதாவது முழுசாக முடியும் முன்பே விற்பனைக்கு, வந்தது 2025 ஜனவரி 27. அன்று அதில் இருந்தது கப்பல் கட்டும் கிரியேட்டிவ் மோட் மட்டும்தான். பொருள் தேடி உயிர் பிழைக்கும் சர்வைவல் மோட் இல்லை, நண்பர்களோடு சேர்ந்து ஆடவும் வழியில்லை. இதற்கு எதற்கய்யா காசு என்று சிலர் கடுகடுத்தார்கள், நியாயம்தான். ஆனால் முதல் பாகத்தில் கப்பல் கட்டும் பிளாக்குகளில், அதாவது கட்டைகளில், பெரியது 2.5 மீட்டர், சிறியது அரை மீட்டர், இரண்டையும் நேராக ஒட்டவே முடியாது, சுழலும் ரோட்டர், நீளும் பிஸ்டன் என்று நடுவில் வைத்து இணைக்கச் சுற்றுவழி தேடித் தலையைப் பிய்த்துக்கொண்ட எங்களுக்கு, இப்போது எல்லாமே ஒரே 25 சென்டிமீட்டர் கட்டத்தில் கச்சிதமாக உட்காருகிறது என்பதே தீபாவளி. அப்புறம், அந்த முதல் பாகமும் 2013 அக்டோபரில் அரைகுறையாக வந்து 2019 பிப்ரவரியில்தான் முழுசானது. சரி, நான் போன ஞாயிறு முழுக்கக் கப்பலுக்கு மூக்கு மட்டும் கட்டினேன், இன்னும் எஞ்சினே வைக்கவில்லை.