மேசையை எங்கே போடுவது

நிகழ்ச்சி நன்றாகத்தான் நடந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதோ பெரிய ரகளை நடந்திருக்கும் என்ற எதிர்பார்ப்போடுதான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. ஒருவரும் எழுந்து கத்தவில்லை. நிதி தருபவர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. மறுநாள் காலை இயக்குநர் என் இருக்கைக்கே வந்து, நன்றாகச் சமாளித்துவிட்டீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார். பாராட்டை வாங்கிக்கொண்ட பிறகுதான் அந்தத் தொலைபேசி உரையாடல் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வரத் தொடங்கியது.

அந்தக் கவிஞரைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. குவைத்தில் பிறந்த பலஸ்தீனப் பெண். வளைகுடாப் போரை அடுத்து 1991இல் அங்கிருந்து லட்சக்கணக்கான பலஸ்தீனர்கள் வெளியேற நேர்ந்தபோது, குடும்பத்தோடு அம்மானுக்குப் போய், பிறகு மொன்றியலுக்கு வந்தவர். ஆங்கிலத்தில் எழுதுகிறார், நடுநடுவே அரபு வரும். அவருடைய வழக்கம் ரொறன்ரோவில் இலக்கிய நிகழ்ச்சி நடத்தும் எல்லோருக்கும் தெரியும். வாசிப்பு முடிந்ததும் ஒலிவாங்கியை விடாமல், இஸ்ரேலுக்கு ஆயுதம் போவதைக் கனடா நிறுத்த வேண்டும் என்று கோரும் மனுவைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுவார். மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை, அதில் புத்தகமும் மனுவும் அருகருகே. கையெழுத்துப் போட வந்தவர் புத்தகம் வாங்குவார், புத்தகம் வாங்க வந்தவர் கையெழுத்துப் போடுவார்.

இயக்குநருக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் பிரச்சினை. கவிதை எங்கள் வேலை, மனு எங்கள் வேலையில்லை என்றார். நீங்களே பேசுங்கள், உங்களிடமென்றால் அவர் கோபிக்கமாட்டார் என்றார். ஏன் நான் என்று கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரிந்ததுதான். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், ஆகவே எனக்கு இதெல்லாம் புரியும், ஆகவே என்னை அனுப்பலாம்.

போனில் சுற்றி வளைத்துத்தான் தொடங்கினேன். பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் முடிந்த பிறகு, மேசையை வெளியே நடைவழியில் போட்டால் உங்களுக்குப் பரவாயில்லையா என்று கேட்டேன். மனுவைப் பற்றிய பேச்சையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம், மண்டபத்துக்குள் கவிதை மட்டும் இருக்கட்டும் என்றேன்.

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. நான் ஒரு நீண்ட பேச்சுக்குத் தயாராக இருந்தேன், பதில்களையும் யோசித்து வைத்திருந்தேன்.

"எந்த நடைவழி? கழிவறைக்குப் போகிற பக்கமா, வாசல் பக்கமா?"

கழிவறைப் பக்கம் என்றேன்.

"அங்கே வெளிச்சம் இருக்கிறதா?"

இருக்கிறது என்றேன்.

"சரி ஹபீப்தி. மேசை எவ்வளவு நீளம்?"

அவ்வளவுதான். வாதாடவில்லை, குரலை உயர்த்தவில்லை. நான் யோசித்து வைத்திருந்த பதில் ஒன்றுக்கும் வேலை வரவில்லை. கோபித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்றுகூடத் தோன்றுகிறது. இதற்கு முன் எத்தனை பேர் இதே மரியாதையான குரலில் இதையே கேட்டிருந்தால், ஒருவருக்கு இவ்வளவு சீக்கிரமாக வெளிச்சத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றும்?

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 2023 ஒக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியில் நடந்ததை இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் மறக்கவில்லை. பலஸ்தீன எழுத்தாளர் அதானியா ஷிப்லியின் நாவலுக்கு லிபெராட்டூர் பரிசு அறிவித்திருந்தார்கள். பிறகு ஹமாஸின் தாக்குதலையும் போரையும் காரணம் காட்டி விழாவை ஒத்திவைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஏப்ரலில் அமெரிக்க பென் எழுத்தாளர் அமைப்பு, காஸா விஷயத்தில் அது நடந்துகொண்ட விதத்தைக் கண்டித்து எழுத்தாளர்கள் ஒவ்வொருவராக விலகியதில், தன் விருது விழாவையும் உலகக் குரல்கள் விழாவையும் கைவிட நேர்ந்தது. எங்கள் அலுவலகத்தில் அந்த நாட்களில் யார் வாயைத் திறந்தாலும் ஃபிராங்க்ஃபர்ட்தான். அப்படி ஆகிவிடக் கூடாது என்று இயக்குநரும் சொன்னார், அவரை எதிர்த்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் யோசித்தேன். நடக்காத வாசிப்பால் ஒருவருக்கும் லாபமில்லை. வாசிப்பு நடக்கட்டும், மேசை கொஞ்சம் தள்ளிப் போனால் என்ன குடிமுழுகிவிடும்?

ஆனால் இந்த நியாயத்தை எழுதும்போதே ஒன்று இடிக்கிறது. ஷிப்லி ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு எந்த மனுவையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அந்த நாவலின் முதல் பாதி 1949இல் நெகேவ் பாலைவனத்தில் இஸ்ரேலிய வீரர்கள் பெதுவின் என்ற நாடோடி இனத்துச் சிறுமி ஒருத்தியை வன்புணர்ந்து கொன்ற உண்மைச் சம்பவம். இரண்டாம் பாதியில், ரமல்லாவில் இருக்கும் ஒரு பெண் பல பத்தாண்டுகள் கழித்து அதைத் தேடிப் போகிறாள். எங்கேயும் குரல் உயராத, பக்கத்துக்குப் பக்கம் சோப்பும் தண்ணீரும் தூசியும் பெட்ரோல் வாசனையுமாகப் போகிற உரைநடை. மண்டபத்துக்குள் கலையை மட்டும் வையுங்கள் என்றால், அதைவிடக் கலையாக ஒன்றை வைக்க முடியாது. அதற்கும் கதவைச் சாத்தினார்கள். பலஸ்தீன-அமெரிக்க அறிஞர் எட்வர்ட் சயீத்துக்கும் இப்படித்தான். லெபனான் எல்லையில் அவர் கல்லெறிகிற படம் 2000இல் வெளியானதும், வியன்னாவின் ஃப்ராய்ட் சங்கம் அடுத்த ஆண்டு அவருடைய சொற்பொழிவை ரத்துசெய்தது. அவர் பேசவிருந்தது ஃப்ராய்டைப் பற்றி. அந்த உரையை லண்டனில்தான் நிகழ்த்த முடிந்தது.

சரி, கஸ்ஸான் கனஃபானியை நாங்கள் அழைத்திருந்தால் நான் மேசையை எங்கே போட்டிருப்பேன்? 1936இல் அக்கா நகரில் பிறந்து, 1948இல் துரத்தப்பட்டு, டமாஸ்கஸில் அகதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, குவைத் போய், பெய்ரூட்டில் வாழ்ந்தவர். நாவல் எழுதினார், ஓவியம் வரைந்தார், 1969இலிருந்து அல்-ஹதஃப் வார இதழை நடத்தினார், பலஸ்தீன விடுதலை மக்கள் முன்னணியின் பேச்சாளராகவும் இருந்தார். அது விமானம் கடத்திய இயக்கம். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் என் பங்குக்கு ஒரு மேசையை வெளியே போடுகிறேன் என்றாகிவிடும். அதே ஆள்தான் தன் சகோதரியின் மகள் லமீஸின் பிறந்தநாளுக்குப் படமும் தானே வரைந்து ஒரு சிறுவர் கதை எழுதிக் கொடுத்தார். 1972 ஜூலை 8ஆம் தேதி பெய்ரூட்டில் அவருடைய காரில் வைத்த குண்டு வெடித்தபோது லமீஸும் கூட இருந்தாள். அவளுக்கு 17 வயது. குண்டு வைத்தவர்கள் நாவலாசிரியரையும் பேச்சாளரையும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் நான் வழக்கமாக எனக்கு நானே குறுக்கே விழுவேன், பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷைக் கொண்டுவந்து. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த பலஸ்தீனக் கவிதைகள் இருந்தது. அப்பா சத்தமாக வாசிப்பார். கவிதையென்றும் அரசியலென்றும் அவர் பிரித்து வாசித்ததாக ஞாபகமில்லை. எங்களுக்கு அப்போது அந்த வசதியும் இல்லை. ஆனால் தர்வீஷுக்கே பிற்காலத்தில் அந்தப் பிரிவு தேவைப்பட்டது. இளமையில் எழுதிய 'அடையாள அட்டை'யை வாசிக்கும்படி போகிற இடமெல்லாம் கூட்டம் கேட்கும், அவருக்கு அது பிடிக்காது. 1988இல் அல்ஜியர்ஸில் பிரகடனமான பலஸ்தீனச் சுதந்திர அறிக்கையை எழுதியவர் அவர். பலஸ்தீன விடுதலை இயக்கத்தின் (பி.எல்.ஓ.) நிர்வாகக் குழுவில் இருந்து, ஒஸ்லோ ஒப்பந்தத்தை ஏற்காமல் 1993இல் விலகியவர். அரசியல் அவருக்குப் புதிதில்லை. ஆனாலும் என் காதல் கவிதையையும் கொஞ்சம் கேளுங்கள் என்ற தவிப்பு அவரிடம் இருந்தது. ஆக இயக்குநர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. கவிதைக்கு மூச்சுவிட இடம் வேண்டும். நானும் அதை நம்புகிறேன், நிஜமாகவே நம்புகிறேன். கவிதை முடிந்த அடுத்த நொடியே மனு என்று வரும்போது கவிதை என் காதில் தங்குவதில்லை.

ஆனால் தர்வீஷ் அந்தக் கதவைத் தானே போட்டுக்கொண்டார். இங்கே போட்டது நான், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு.

நிகழ்ச்சியன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். அவர் ஒரு வளையக் கோப்போடு வந்தார். கவிதைகளைத் தனித்தனித் தாளாக அச்சடித்து வைத்திருந்தார். புத்தகத்திலிருந்து வாசிப்பதில்லை, எழுத்துப் பெரிதாக வேண்டும் என்றார். எங்கே மூச்செடுப்பது என்று பென்சிலால் சாய்கோடுகள். கோப்பைத் திறந்து ஒவ்வொரு தாளாக எடுத்து முகத்துக்கு நேரே பிடித்து வாசித்தார். நான் முதல் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது கவிதையின்போதுதான் கவனித்தேன். தாளின் பின்பக்கம் வெறுமையாக இல்லை. கொட்டை எழுத்தில் தலைப்பு, கீழே ஒரு பத்தி, அதற்குக் கீழே பெயர், முகவரி, கையொப்பம் என்று கட்டங்கள். பழைய மனுத்தாள்கள். மீந்துபோனதன் பின்பக்கத்தில் கவிதையை அச்சடித்திருக்கிறார். கவிதை அவர் பக்கம், மனு எங்கள் பக்கம். வாசிப்பு முடியும்வரை முன்வரிசை முழுவதும் அந்த மனுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மனுவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சைக் காப்பாற்றினார்.

இயக்குநர் கடைசி வரிசையில் நின்றிருந்தார். அங்கிருந்து அவருக்கு அது வெறும் தாள். நான் அவரிடம் இதைச் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. சொல்லாததில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருக்கிறது, அது எனக்குப் பெருமையா என்றால் இல்லை. கவிஞரிடம் மட்டும் சாமான்களை எடுத்து வைக்கும்போது கேட்டேன். "காகிதத்தை ஏன் வீணாக்குவது?" என்றார் சிரித்துக்கொண்டு. வேண்டுமென்றே செய்தாரா, உண்மையிலேயே சிக்கனமா என்று அந்தச் சிரிப்பிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. சிக்கனமாகவும் இருக்கலாம். எங்கள் அம்மாவும் கல்யாண அழைப்பிதழின் பின்பக்கத்தில்தான் கடைச்சாமான் எழுதுவார்.

இன்னொன்று. இடைவேளையில் கழிவறைக்கு நீண்ட வரிசை. வரிசை மேசையைத் தொட்டுக்கொண்டே நகர்ந்தது. நிற்கிற நேரத்தில் எல்லோரும் மனுவை வாசித்தார்கள், முக்கால்வாசிப் பேர் கையெழுத்தும் போட்டார்கள். மண்டபத்துக்குள் போட்டிருந்தால் இவ்வளவு சேர்ந்திருக்காது என்று மேசையில் இருந்த பையன் சொன்னான். பார்த்தீர்களா, எல்லோருக்கும் நல்லதாக முடிந்தது என்றார் இயக்குநர். கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரி. நான் ஏன் அந்தக் கணக்கில் நிம்மதியாக உட்கார முடியாமல் இருக்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன், இன்னும் பிடிபடவில்லை.

பலஸ்தீனக் கவிஞர் ரஃபீஃப் ஸியாதாவின் கதை தெரிந்தவர்களுக்கு என் பயம் கொஞ்சம் புரியலாம். கனடாவில் இருந்தபோது, காஸாவில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு கூட்டமைப்புக்காக ஊடகங்களிடம் பேசும் பொறுப்பு அவரிடம் இருந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு வெறுப்பைக் கற்றுக்கொடுப்பதை நீங்கள் நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா என்று ஒரு செய்தியாளர் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த கவிதையை அவர் 2011இல் லண்டன் மேடையில் சொன்னார். அது உலகமெல்லாம் சுற்றியது. கேட்ட செய்தியாளர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கேட்டவருக்குத் தெரியும். அவரும் அன்று தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார், ஒருவேளை மரியாதையாகக்கூடக் கேட்டிருப்பார். எங்கள் கவிஞரின் புதிய தொகுப்பு வந்ததும் நான் முதலில் தேடியது ஒரு மேசையை. நடைவழியை. வெளிச்சத்தை. இல்லை. நிம்மதியாக இருந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நிகழ்ச்சி நன்றாகப் போனதால் அந்த ஏற்பாட்டை விதியாக எழுதிவிடச் சொன்னார் இயக்குநர். எழுதினேன். நூல் விற்பனை தவிர்ந்த எந்த மேசையும் மண்டபத்துக்கு வெளியே. யாருடைய பெயரும் இல்லை, எந்த நாடும் இல்லை, எல்லோருக்கும் பொது. மண்டபத்தை வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் பொருந்தும்.

போன கிழமை ஒரு தமிழ்ப் பெரியவர் அழைத்தார். எங்கள் மண்டபத்தில் ஒரு நூல் வெளியீடு வைக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக 2017இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் உட்கார்ந்திருக்கிற தாய்மாரின் படங்களை ஒரு மேசையில் வைக்க வேண்டுமாம், பக்கத்தில் ஒரு கையெழுத்துக் கொப்பி.

"பிள்ளை, அதை உள்ளுக்கை வைக்கேலாதோ? வயசான சனம். வெளியில நிண்டு பார்க்காதுகள்."

இயக்குநரிடம் கேட்டுச் சொல்கிறேன் ஐயா என்றேன். இன்னும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்: அந்தப் பலஸ்தீனக் கவிஞரே ஒப்புக்கொண்டாரே, இவர்களுக்கென்ன? அவர் ஒப்புக்கொண்டார்தான். என்னிடம்தான் ஒப்புக்கொண்டார்.